பழுப்பு நிறம் வந்த பிறகு செய்த வேலை

முதுநிலை வேதியியல் திட்டப்பணிக்காக, வேப்பிலைச் சாற்றைக் கொண்டு வெள்ளி நானோ துகள்களைத் தயாரித்து, அவை நோய்க்கிருமிகளைத் தடுக்கின்றனவா என்று சோதித்து முடிக்க எனக்கு ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆயின. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த குழுவினர் 2004ஆம் ஆண்டிலேயே வேப்பிலைக் கொதிநீரில் தங்கத் துகள்களையும் வெள்ளித் துகள்களையும் உண்டாக்கிக் காட்டியிருந்தார்கள் என்பதாலும், விடுதி வாசலிலேயே மரம் நின்றதாலும் வேம்பைத் தேர்ந்தெடுத்தேன். சோடியம் போரோஹைட்ரைடு போன்ற கடுமையான வேதிப்பொருள் செய்யும் வேலையை இங்கே இலையிலுள்ள பாலிஃபீனால்களும் ஃபிளேவனாய்டுகளும் செய்கின்றன. அவை வெள்ளி அயனியை உலோகமாக ஒடுக்க, புரதங்களும் பிற கரிமச் சேர்மங்களும் துகள்களின் மேல் படிந்து, அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கின்றன.

செய்முறை எளிது. 20 கிராம் இலையை நறுக்கி, 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வாட்மேன் 1 தாளில் வடிகட்டி, அந்தச் சாற்றில் 10 மில்லியை, 1 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட் கரைசல் 90 மில்லியுடன் சேர்க்க வேண்டும். ஒரு லிட்டர் கரைசலுக்கு 0.17 கிராம் உப்பே போதும். முதல் நாள் கையுறையில் இருந்த சிறு கிழிசல் வழியாக ஒரு சொட்டு விரலில் பட்டது. அப்போது ஒன்றும் தெரியவில்லை. மாலைக்குள் அந்த இடம் கருத்துவிட்டது. எந்தச் சோப்புக்கும் போகாத அந்தக் கறை, ஒரு வாரத்துக்கு மேலாகி, மேல்தோல் உதிர்ந்தபோதுதான் மறைந்தது.

முதல் முயற்சியில் பழுப்பு நிறமே வரவில்லை. சாற்றை ஊற்றிய உடனேயே, மோரைக் கலந்தது போலக் குடுவை வெளுத்துக் கலங்கியது. ஆய்வகத்தில் மூத்தவரான ஓர் அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “எந்தத் தண்ணியில இலையக் கழுவினம்மா?” என்று மட்டும் கேட்டார். ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவியிருந்தேன்; குடுவைகளையும் அதிலேயே அலசியிருந்தேன். நீரிலிருந்த குளோரைடு வெள்ளி அயனியோடு சேர்ந்து வெள்ளி குளோரைடாகப் படிந்திருந்தது.

அடுத்த முறை, காய்ச்சி வடித்த நீரில் எல்லாவற்றையும் மூன்று முறை அலசிவிட்டுச் செய்தபோது, வெளிர்மஞ்சளாக இருந்த கரைசல் அரை மணி நேரத்தில் தேன் நிறத்துக்கும் மாலைக்குள் காப்பி டிகாஷன் நிறத்துக்கும் மாறியது. இலைச்சாறு சேர்க்காமல் பக்கத்தில் வைத்திருந்த குடுவை நிறமற்றே இருந்தது. வெள்ளித் துகளின் மேற்பரப்பிலுள்ள எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அதிர்வதால் உண்டாகும் நிறம் அது. எந்த அலைநீள ஒளியைக் கரைசல் உறிஞ்சுகிறது என்று காட்டும் நிறமாலைமானியில் 432 நானோமீட்டரில் உச்சி தெரிந்தது. படிகங்களை அடையாளம் காட்டும் எக்ஸ்ரே விளிம்பு விளைவுப் படத்தில் 38.1, 44.3, 64.4, 77.4 பாகைகளில் வெள்ளிக்குரிய உச்சிகள் வந்தன. ஆனால் 32.2 பாகையிலும் ஒரு சிறிய உச்சி எட்டிப் பார்த்தது. அதைத் ‘தாவரக் கரிமப் பொருள்’ என்று எழுதிக் கடந்துவிடும் வழக்கம் உண்டு. நானும் முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன். அது வெள்ளி குளோரைடின் இடம் என்று பிறகு ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்தினேன். இலைக்குள்ளும் குளோரைடு இருக்கிறது. அதை எவ்வளவு அலசினாலும் போக்க முடியாது.

என்னை அதிகம் அலைக்கழித்தது கிருமிச் சோதனை. கிருமி வளர்க்கும் ஊடகமான முல்லர் ஹிண்டன் அகார் தட்டில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவைப் பரப்பி, 37 பாகை செல்சியஸில் ஓர் இரவு வைத்ததில், துகள் கரைசலைச் சுற்றிக் கிருமி வளராத 18 மில்லிமீட்டர் தடுப்பு வளையம் கிடைத்தது. ஆய்வகமே மகிழ்ந்தது. எனக்கோ, வினைபுரியாமல் மிஞ்சிய சில்வர் நைட்ரேட்டும் கிருமியைக் கொல்லுமே என்ற எண்ணம் உறுத்திக்கொண்டே இருந்தது. துகள்களை மையவிலக்குக் கருவியில் சுழற்றி அடியில் படியவைத்துவிட்டு, மேலே நின்ற தெளிவுநீரை மட்டும் தனித் தட்டில் வைத்துப் பார்த்தேன். அதுவே 16 மில்லிமீட்டர் வளையம் தந்தது.

அன்று இரவு, முதல் முயற்சியில் குடுவை வெளுத்துக் கலங்கியது நினைவுக்கு வந்தது. மறுநாள் அந்தத் தெளிவுநீரில் சமையலுப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டேன், உடனே வெளுத்தது. மிச்ச வெள்ளி அயனி அவ்வளவு இருந்திருக்கிறது. அதன் பிறகு நிமிடத்துக்கு 10,000 சுழற்சி வேகத்தில் பதினைந்து நிமிடம் சுழற்றுவதும், படிவைக் காய்ச்சி வடித்த நீரில் மீண்டும் கலக்குவதும், மேல்நீரில் உப்புச் சொட்டு விட்டுப் பார்ப்பதுமாக இரண்டு நாட்கள் கழிந்தன. நான்காவது கழுவலில்தான் நீர் கலங்காமல் தெளிவாக நின்றது. கழுவிய துகள்களுக்கு வளையம் 11 மில்லிமீட்டராகச் சுருங்கியிருந்தது. அகாருக்குள் துகள்கள் அயனிகளைப் போல எளிதில் பரவுவதில்லை என்பதால் அந்தச் சுருக்கத்தை மட்டும் வைத்துத் துகளின் வீரியத்தை அளந்துவிடவும் முடியாது. திரவ ஊடகத்தில் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆய்வேட்டில் 11 என்ற எண்ணையே முடிவாக எழுதி, அதன் பக்கத்திலேயே தெளிவுநீரின் 16ஐயும் உப்புச் சொட்டுச் சோதனையையும் சேர்த்தேன். மருந்து என்ற சொல்லை எங்கும் பயன்படுத்தவில்லை. காயத்துக்குப் பூசும் பொருளாக இதை எண்ணிப் பார்ப்பதற்கு முன், மனிதத் தோல் செல்களை இது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்காகக் கழுவிய துகள்களை அலுமினியத் தாள் சுற்றிய குப்பியில் எடுத்துவைத்திருக்கிறேன்.