ஆதரவா, எதிர்ப்பா என்று கேட்டால்

கருக்கலைப்பு என்று பேச்செடுத்தாலே, "நீங்க ஆதரவா, எதிர்ப்பா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வேலூர்ப் பக்கம் அரசு மருத்துவமனைகளில் பிரசவ வார்டு செவிலியராகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். என்னோடு டியூட்டி பார்த்தவர்களை இந்த இரண்டு வரிசையில் நிறுத்தினால், ஒரே வரிசைக்குள்தான் கருத்து வேறுபாடு அதிகமாக இருக்கும்.

எங்கள் வார்டில் ரோமன் கத்தோலிக்கரான நர்ஸ் சிஸ்டர் ஒருவர் இருந்தார். கரு உண்டான நொடியிலிருந்தே அது உயிர், அதில் கைவைக்கக் கூடாது என்பது அவருடைய திருச்சபையின் போதனை. எம்.டி.பி., அதாவது மருத்துவமனையில் சட்டப்படி செய்யும் கருக்கலைப்பு, அந்தக் கேஸுக்குத் தியேட்டரில் நிற்க மாட்டேன் என்று இன்சார்ஜிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரரான இன்னொரு சிஸ்டர், தாய் உயிருக்கு ஆபத்தென்றால் செய்துதான் ஆக வேண்டும் என்பார். மேல்விஷாரத்து முஸ்லிம் தோழியோ, 120 நாளுக்குப் பிறகுதான் கருவில் ரூஹு (ஆன்மா) ஊதப்படுகிறது, அதற்கு முன் தக்க காரணம் இருந்தால் ஆகும் என்கிற ஆலிம்களும் (மார்க்க அறிஞர்களும்) உண்டு, கூடவே கூடாது என்பவர்களும் உண்டு என்பார். வெளியிலிருந்து பார்த்தால் மூன்று பேரும் "எதிர்ப்பு".

மெடிக்கலில் யாரையோ விட்டுக் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, உதிரப்போக்கு நிற்காமல் பெண்கள் வருவார்கள். அப்போது டிரிப் ஏற்ற முதலில் ஓடுகிறவர் அந்தக் கத்தோலிக்க சிஸ்டர்தான். "ஏம்மா இப்படிப் பண்ணினே" என்று ஒருத்தியையும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. சட்டம் அனுமதிக்கிறது, எனக்கென்ன என்று பேசுகிறவர்களில் சிலர்தான், கல்யாணமாகாத பெண் வந்துவிட்டால் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டுவார்கள். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று தெளிவாகச் சொன்ன பிறகும் அந்தப் பேச்சு குறையவில்லை.

ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்தாள். விரல் நுனியில் சொல்யூஷன் காய்ந்து தோல் உரிந்திருந்தது. இரண்டாவது குழந்தைக்கு இன்னும் பால் குடி மறக்கவில்லை, அதற்குள் நாள் தள்ளிப்போயிருந்தது. பேசியதெல்லாம் மாமியார்தான். "எடுத்துடுங்க சிஸ்டர், அப்படியே ஆபரேஷனும் பண்ணிடுங்க" என்றார். அங்கிருந்தவர்களும், குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டால்தான் கலைப்போம், வீட்டுக்காரர் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். இந்த இரண்டு நிபந்தனையும் சட்டத்தில் கிடையாது. 18 வயது நிரம்பியிருந்தால் ஒப்புதலுக்கான படிவம் சி-யில் அவள் கையெழுத்து மட்டும் போதும்.

மாமியாரிடம் ஒரு சீட்டைக் கொடுத்து லேபுக்கு அனுப்பிவிட்டு, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இப்ப குழந்தை வேணாம் சிஸ்டர். ஆனா ஆபரேஷனும் வேணாம், பின்னாடி ஒண்ணு பெத்துக்கணும்" என்றாள். டாக்டரம்மாவிடம் நான் கொஞ்சம் அழுத்திப் பேச வேண்டியிருந்தது. அவள் கையெழுத்தோடு எம்.டி.பி. நடந்தது, காப்பர் டி வைத்து அனுப்பினோம். அந்த அறையில் எல்லோருமே கருக்கலைப்புக்கு "ஆதரவு"தான். அவளைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

இதற்கு வேர் சட்டத்திலேயே இருக்கிறது. திருட்டுத்தனமாகக் கலைக்கப்போய்ப் பெண்கள் செத்ததைக் கண்டு 1964-இல் சாந்திலால் ஷா குழு அமைத்தார்கள். 1971-இல் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. மக்கள்தொகைக் கவலையும் அந்தக் காலத்தில் கூடவே இருந்தது. இன்றைக்கும் கருக்கலைப்பு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 88-ஆம் பிரிவின்படி குற்றம்தான். 20 வாரம் வரை ஒரு டாக்டர், 24 வாரம் வரை குறிப்பிட்ட சில பெண்களுக்கு இரண்டு டாக்டர் ஒப்புக்கொண்டால் விலக்கு. முடிவு டாக்டர் கையில். அமெரிக்காவில் 1973-இல் தீர்ப்பால் கிடைத்த கருக்கலைப்பு உரிமையை 2022-இல் தீர்ப்பே எடுத்துவிட்டது. அந்த நாட்டுச் சண்டையின் இரண்டு கட்சியை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டினால், எங்கள் வார்டில் நடப்பது எதுவும் கண்ணில் படாது.

பெண்ணுரிமைக்காரர்களுக்குள்ளேயும் மனம் ஒன்றாக இல்லை. முடிவு பெண்ணுடையது என்று சொல்கிறவர்கள், பெண் கரு என்று தெரிந்து கலைப்பதை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். 1994-இல் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் வர அவர்களும் காரணம். இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பெண் பிள்ளை பெற்றதற்காகப் புருஷன் வீட்டில் சோறு கிடைக்காதவள் எடுக்கும் முடிவை அவள் முடிவு என்று எப்படிச் சொல்வது?

எனக்கு இன்னும் தீராதது வேறொன்று. குழந்தைக்குக் கடுமையான குறை என்று மருத்துவ வாரியம் சொன்னால் 24 வாரத்துக்கு மேலும் கலைக்கலாம் என்று கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் சொல்கிறது. தாய்க்கு அது தேவைப்படும் நேரம் உண்டு, நான் பார்த்திருக்கிறேன். ஆனால், எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் ஏன் கால வரம்பே இல்லை என்று மாற்றுத்திறனாளிகள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை யாரும் தள்ளிவிட முடியாது. ஐந்தாம் மாத ஸ்கேனில் குறை என்று வந்ததும், வராந்தாவில் நிற்க வைத்தே அந்தத் தாய்க்கு விஷயத்தைச் சொல்லி, நாளைக்குள் முடிவு சொல்லுங்கள் என்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளையை வளர்க்கும் ஒரு அம்மாவை அழைத்துவந்து அவளோடு பேச வைக்கலாம் என்று நான் வேலை பார்த்த இடங்களிலெல்லாம் கேட்டுப் பார்த்தேன். அதற்கு யாரும் ஏற்பாடு செய்யவில்லை.