ஓகேமலில் ஒரு குட்டி கம்பைலர், இதுவரை வந்த தூரம்

சுண்டல் ஓடத் தொடங்கிவிட்டது. சுண்டல் என்பது ஓய்வு நேரத்தில் நான் உருவாக்கிவரும் நிரல் மொழி. அதன் கம்பைலரை, அதாவது எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் மென்பொருளை, ஓகேமல் என்ற மொழியில் எழுதுகிறேன். முழு எண், உண்மை பொய், ஃபங்ஷன், ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே அழைப்பது), எழுதுபவர் சொல்லாமலே டைப்பை, அதாவது ஒரு மதிப்பு எந்த வகை என்பதைக் கண்டுபிடிக்கும் வசதி, இவ்வளவுதான் மொழி. சுண்டலில் எழுதியதை கம்பைலர் எக்ஸ்86-64 அசெம்ப்ளியாக, அதாவது பிராசஸருக்கான கட்டளைகளாக மாற்றும். அதை ஜிசிசி என்ற கருவியிடம் கொடுத்தால் லினக்ஸில் நேரடியாக ஓடும் ஒரு ஃபைல் கிடைக்கும். பட்டியல், சரம் எதுவும் இன்னும் கிடையாது. பார்க்க இப்படி இருக்கும் (‘சார்பு’ என்றால் ஃபங்ஷன்):

வை மீண்டும் எண்ணு = சார்பு ந ->
  ந = 0 எனில் 0 இல்லையேல் எண்ணு (ந - 1)

மதியச் சாப்பாட்டில் என்னோடு உட்காரும் இரண்டு பேர்தான் இதற்கெல்லாம் காரணம். ஒருவர் ஜாவா அண்ணன். வங்கி மென்பொருளில் ஊறியவர். ‘ஃபங்ஷனல்’ (மதிப்புகளை மாற்றாமல், ஃபங்ஷன்களைக் கோத்தே நிரல் எழுதும் பாணி) என்று யாராவது ஆரம்பித்தாலே தயிர் சாதத்தை வேகமாக முடிக்கப் பார்ப்பார். இன்னொருவன் கல்லூரியிலிருந்தே கூட இருக்கும், ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழியின் பைத்தியம். மோனாட் என்றால் என்ன என்று அவனிடம் கேட்டவர்கள் யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

ஒரு ஃபங்ஷனல் மொழி கற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன் என்று சொன்னதும் இரண்டு பக்கமிருந்தும் வந்தது.

“ஹாஸ்கெல்தான்டா, வேற என்ன இருக்கு?”

“எதுக்குத் தம்பி? பேரில்லாத ஃபங்ஷன், லாம்டாவெல்லாம் 2014லேயே ஜாவா 8ல வந்தாச்சு.”

நான் ஓகேமலை எடுத்தேன். இந்த மொழிகள் பாடம் படித்தோ ஃபிபனாச்சி எழுதிப் பார்த்தோ மண்டையில் ஏறாது என்பது என் கட்சி. எந்த வேலைக்காக அவை பிறந்தனவோ அந்த வேலையைக் கொடுக்க வேண்டும். ஓகேமலின் மூதாதையான எம்எல், 1970களில் எடின்பரோவில் ராபின் மில்னரின் குழு உருவாக்கியது. கணித நிரூபணங்களைச் சரிபார்க்கும் எல்சிஎஃப் என்ற மென்பொருளுக்குக் கட்டளை எழுதத்தான் அது முதலில் பயன்பட்டது. அதாவது, இன்னொரு மொழியில் எழுதிய வாக்கியத்தைப் பிரித்து, மேய்ந்து, வேறொன்றாக மாற்றித் தரும் வேலை. கம்பைலர் செய்வதும் அதையேதான். ரஸ்ட் மொழியின் முதல் கம்பைலர் ஓகேமலில்தான் எழுதப்பட்டது. பிரவுசரில் ஓடும் வெப்அசெம்ப்ளிக்கான மாதிரி இன்டர்பிரட்டரும் (நிரலை நேரடியாக ஓட்டிக்காட்டும் மென்பொருள்) அப்படியே.

“ஒட்டகமா?” என்றான் ஹாஸ்கெல்காரன், ஓகேமலின் சின்னத்தை வைத்து. “எங்க வேணும்னாலும் பிரின்ட் போடலாம், எதை வேணும்னாலும் மாத்தலாம். அதுக்குப் பேரு ஃபங்ஷனலா? அதுவும் ஃபிரான்ஸ்காரங்க மொழி.”

“பிராசஸரோட பல கோர்ல ஒரே நேரத்துல ஓடுற வசதி 2022 டிசம்பர்ல ஓகேமல் 5.0ல வந்துச்சு. அதுல பெரிய பங்கு சென்னை ஐஐடில இருக்குற கே.சி. சிவராமகிருஷ்ணன் குழுவோடது. கிண்டிலயும் நடந்த வேலைடா அது.”

அதற்கு அவனிடம் பதில் இல்லை. “லேஸியா இல்லையே” என்று, தேவைப்படும்வரை எதையும் கணக்கிடாத ஹாஸ்கெலின் குணத்தைச் சொல்லி முனகிக்கொண்டே கை கழுவப் போனான்.

ஜாவா அண்ணன் வேறு வழியில் வந்தார். கம்பைலர் எழுதுவதெல்லாம் பெரிய கம்பெனி வேலையாம். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1957ல் வந்த முதல் ஃபோர்ட்ரான் கம்பைலருக்குப் பதினெட்டு ஆள்-ஆண்டு உழைப்பு ஆனதாகச் சொல்வார்கள். ஆனால் அப்போது எப்படிச் செய்வது என்றே யாருக்கும் தெரியாது. இன்று எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் குழுவின் தலைவர் ஜான் பேக்கஸ் பிற்பாடு என்ன செய்தார் என்பதையும் அண்ணனிடம் சொன்னேன். 1977ல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது வாங்கிய மேடையில், வழக்கமான நிரல் பாணி போதும், ஃபங்ஷன்களை வைத்து யோசிப்போம் என்று பேசினார். “வயசானா எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும்” என்றார் அண்ணன்.

சரி, வேலைக்கு வருவோம்.

முக்கியச் சொற்களும் பெயர்களும் தமிழில் இருக்கட்டும் என்று முடிவு செய்ததால், எழுத்துகளைப் படித்துச் சொல்லாகப் பிரிக்கும் முதல் கட்டமே சுவாரசியமாகிவிட்டது. தமிழில் நிரல் எழுத எழில் போன்ற மொழிகள் ஏற்கெனவே இருக்கின்றன, எனவே புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் ஓகேமலோடு வரும் ஓகேமல்லெக்ஸ் என்ற சொல் பிரிக்கும் கருவி பைட் பைட்டாகப் பார்க்கும். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். அதனால் யூனிகோட் தெரிந்த செட்லெக்ஸ் என்ற கருவிக்கு மாறினேன். அதன் பிறகும் ஒரு சிக்கல் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது ககரத்தோடு கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே ஒன்று 6 பைட், மற்றது 9. ஒரு கீபோர்டில் ‘தொகை’ என்று அறிவித்து, வேறொன்றில் அதையே தட்டினால், ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று கம்பைலர் சாதிக்கும். ஃபைலைத் திறந்ததும் எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. புள்ளியும் துணைக்குறிகளும் பெயரின் நடுவில் வரலாம், முதலில் வரக்கூடாது என்ற விதியையும் சேர்க்க வேண்டும்.

பிரித்த சொற்களை மரமாக அடுக்கும் பார்சர் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வான் பிராட் 1973ல் சொன்ன முறைதான். ஒவ்வொரு குறிக்கும் எவ்வளவு பிடிப்பு என்று ஒரு எண் கொடுத்துவிட்டால் சின்ன ஃபங்ஷன் ஒன்றே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். ‘எண்ணு’வுக்கு -1ஐக் கொடுக்க நினைத்து ‘எண்ணு -1’ என்று எழுதினால் கழித்தல் என்றே எடுத்துக்கொள்கிறது. ஓகேமலும் அப்படித்தான் செய்கிறது, அதனால் விட்டுவிட்டேன்.

ஓகேமலில் எனக்கு முதலில் பிடித்துப்போனது இந்தக் கட்டத்தில்தான். நிரலின் மரத்தை ஒரு டைப்பாக அறிவிக்கிறோம்: எண், பெயர், ஃபங்ஷன், அழைப்பு என்று கிளைகள். ‘எனில்’ என்ற கிளையை ஒரு நாள் புதிதாகச் சேர்த்துவிட்டு கம்பைல் செய்தேன். எந்தெந்த ஃபங்ஷனில் இந்தக் கிளையைக் கவனிக்கவில்லை என்று வரிசையாக எச்சரிக்கை எண் 8 வந்தது. அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே சரிசெய்து முடித்தபோது வசதி தயார். எங்கே தொட வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை.

அண்ணனிடம் பெருமையாகக் காட்டினேன். “ஜாவா 17ல சீல்டு கிளாஸ், 21ல சுவிட்ச்ல பேட்டர்ன். ரெண்டும் இருந்தா நாங்களும் இதையே செய்வோம் தம்பி” என்றார். உண்மைதான். எம்எல் குடும்பம் பல பத்தாண்டுகளாகச் சாப்பிட்டுவரும் பந்தியில் ஜாவாவும் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். “வந்தாச்சுல்ல?” என்றார்.

மொத்த வேலையிலும் நான் அதிகம் ரசித்தது டைப் கண்டுபிடிக்கும் பகுதியை. ஹிண்ட்லி 1969லும் மில்னர் 1978லும் தனித்தனியாக எட்டிய முறை இது. 1982ல் டாமாஸும் மில்னரும் சேர்ந்து அதை முழுமையாக்கினார்கள். வழி எளிது. தெரியாத டைப்புக்கு எல்லாம் ஒரு கேள்விக்குறியை வைத்துக்கொள். நிரலைப் படிக்கப் படிக்க ‘இதுவும் அதுவும் ஒன்று’ என்ற சமன்பாடுகள் கிடைக்கும். கிடைத்த இடத்திலேயே கேள்விக்குறிகளை இணைத்துக்கொண்டே போ. ‘சார்பு ந -> ந + 1’ என்று வந்தால் ‘ந’வுக்கு முதலில் ஒரு கேள்விக்குறி. கூட்டல் குறி இரண்டு பக்கமும் எண் கேட்கும். ஆகவே கேள்விக்குறி எண்ணாகிவிட்டது. ஃபங்ஷனின் டைப், எண் -> எண். அவ்வளவுதான்.

ஹாஸ்கெல்காரன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து இதைத் தட்டினான்:

சார்பு அ -> அ அ

தன்னையே தனக்குக் கொடுத்துக்கொள்ளும் ஃபங்ஷன். இங்கே ‘அ’வுக்கு ஒரு கேள்விக்குறி. ஆனால் ‘அ’வையே ஃபங்ஷனாக அழைப்பதால், அந்தக் கேள்விக்குறி ‘அதே கேள்விக்குறி -> வேறு ஏதோ’ என்பதற்குச் சமமாக வேண்டும். இணைக்கப் போனால் தன் வாலைத் தானே விழுங்கும் டைப் வரும். கம்பைலர் முடிவே இல்லாமல் சுற்றும். இப்படி இணைப்பதற்கு ராபின்சன் 1965ல் கொடுத்த முறையிலேயே இதற்கான சோதனை இருக்கிறது: ஒரு கேள்விக்குறியை எதனோடும் இணைக்கும் முன், அந்த எதனுக்குள் இதே கேள்விக்குறி ஒளிந்திருக்கிறதா என்று தேடு, இருந்தால் பிழை. சுண்டல் ‘முடிவில்லாத டைப்’ என்று சொல்லிவிட்டு நின்றது. அவன் முகத்தில் லேசான ஏமாற்றம்.

அப்புறம் கம்பைலரின் நிரலைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தான். கேள்விக்குறிகளை நான் ரெஃப் ஆக வைத்திருந்தேன், அதாவது இருந்த இடத்திலேயே மாற்றி எழுதக்கூடிய பெட்டி.

“டேய், ஃபங்ஷனல் கத்துக்கிறேன்னு சொல்லிட்டு ரெஃப் வச்சிருக்க?”

“ஓகேமல் கம்பைலரே அப்படித்தான்டா செய்யுது.”

“அதான் சொன்னேன், அது ஃபங்ஷனல் இல்லைன்னு.”

ரெஃப் இல்லாமலும் எழுதலாம். ஒவ்வொரு இணைப்பையும் ஒரு அட்டவணையில் போட்டு, அந்த அட்டவணையை எல்லா ஃபங்ஷனுக்கும் கையில் கொடுத்துக் கொடுத்து வாங்க வேண்டும். அந்தக் கைமாற்றலை மறைப்பதற்குத்தான் மோனாட் வருகிறது என்று அவன் விளக்கியபோது, இத்தனை வருடத்தில் முதல்முறையாக அது என்னவென்று எனக்குப் பிடிபட்டது. என்ன தொல்லையைத் தீர்க்க வந்த மருந்து என்று தெரிந்த பிறகு மருந்தைப் பற்றிப் பேசினால் புரிகிறது. இருந்தாலும் ரெஃப்பை மாற்றவில்லை. பத்து வரியில் முடிகிற காரியம்.

அசெம்ப்ளி எழுதும் கட்டத்துக்கு வந்தால் ஃபங்ஷனல் அழகெல்லாம் வாசலிலேயே நின்றுவிடும். இங்கே இருப்பது பிராசஸருக்குள் உள்ள சிறு அறைகளான ரிஜிஸ்டரும், ஃபங்ஷன் அழைப்புகளின் விவரத்தை அடுக்கிவைக்கும் நினைவகமான ஸ்டாக்கும்தான். எண்ணையும் நினைவக முகவரியையும் எப்படிப் பிரித்தறிவது? ஓகேமலின் வழியையே எடுத்துக்கொண்டேன்: எந்த எண்ணையும் இரட்டிப்பாக்கி ஒன்றைக் கூட்டிச் சேமி. 5 உள்ளே 11 ஆக இருக்கும், 7 என்பது 15. கடைசி பிட் 1 என்றால் எண், 0 என்றால் முகவரி. 5ஐயும் 7ஐயும் கூட்ட, 11 + 15 போட்டு ஒன்றைக் கழித்தால் 25, அது 12தான். ஓகேமலில் முழு எண்ணுக்கு 64 இல்லாமல் 63 பிட் இருப்பதன் காரணமும் இதுவே. விடையை அச்சிட சி லைப்ரரியை அழைக்கும்போது ஸ்டாக் முகவரி 16ஆல் வகுபட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அதை மீறினால் சில சமயம் ஓடும், சில சமயம் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று நிரல் விழும். ஒழுங்காக விழுந்து தொலைத்தாலாவது தேடலாம்.

இந்த நேரம் பார்த்து அண்ணன் சவால் விட்டார். “லூப்பே இல்லாத மொழியா? எங்கே, ஒரு கோடி வரைக்கும் எண்ணச் சொல்லு.”

மேலே காட்டிய ‘எண்ணு’தான் சோதனை. ஒவ்வொரு அழைப்பும் ஸ்டாக்கில் 32 பைட் எடுத்தது: திரும்ப வேண்டிய முகவரி, பழைய ஆர்பிபி (முந்தைய அழைப்பின் இடத்தைக் காட்டும் ரிஜிஸ்டர்), ஃபங்ஷனின் க்ளோஷர் (ஃபங்ஷனும் அது பயன்படுத்தும் வெளி மதிப்புகளும் சேர்ந்த பொதி), அந்த ஃபங்ஷனுக்குக் கொடுத்த எண், ஒவ்வொன்றும் 8. லினக்ஸில் ஸ்டாக்கின் வழக்கமான எல்லை 8 எம்பி. கணக்குப் போட்டால் சுமார் 2.6 லட்சம் அழைப்போடு சரி. ஒரு கோடிக்கு 32 கோடி பைட் வேண்டும். கவிழ்ந்தது. அண்ணன் சிரித்தார்.

மருந்து தெரிந்ததுதான். ‘எண்ணு’வின் கடைசி வேலையே தன்னை அழைப்பதுதான், அழைத்துத் திரும்பி வந்தபின் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. பிறகு எதற்குத் திரும்பி வர வேண்டும்? இருக்கிற சட்டகத்தை, அதாவது இந்த அழைப்பு ஸ்டாக்கில் பிடித்த இடத்தைக் காலிசெய்துவிட்டு, ‘கால்’ என்ற அழைப்புக் கட்டளை போடுகிற இடத்தில் ‘ஜம்ப்’ என்ற தாவும் கட்டளை போட்டால் போதும். மரத்தில் இறங்கும்போது ‘இது கடைசி இடமா’ என்று ஒரு உண்மை-பொய்யைக் கூடவே அனுப்பினேன். ‘எனில்’லின் இரண்டு கிளைகளுக்கும் அது அப்படியே போகும், கூட்டலின் இரண்டு பக்கத்துக்கும் பொய் என்று போகும். கோடி வரை எண்ணுவது கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்தது. ரிகர்ஷன் என்று எழுதினாலும் வெளியே வருவது பச்சை லூப்தான்.

அண்ணன் அதோடு விடவில்லை. ‘எண்ணு (ந - 1)’ என்பதற்கு முன்னால் ‘1 +’ என்று சேர்த்தார். மறுபடியும் கவிழ்ந்தது. இந்த முறை கம்பைலர் மேல் குற்றமில்லை. திரும்பி வந்து ஒன்றைக் கூட்ட வேண்டிய வேலை பாக்கி இருப்பதால் சட்டகத்தைக் காலிசெய்ய முடியாது. மொத்தத்தை இன்னொரு மதிப்பாகக் கையோடு எடுத்துப்போகும்படி நிரலைத்தான் மாற்றி எழுத வேண்டும். “ஜாவாவுல ஃபார் லூப்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?” என்றார்.

இப்போது பாக்கி இருப்பது குப்பை சேகரிப்பு (ஜிசி), அதாவது தேவை முடிந்த நினைவகத்தை மீட்பது. சுண்டல் நினைவகத்தை வாங்கும், திருப்பிக் கொடுக்கவே கொடுக்காது. செனி 1970ல் எழுதிய முறையைப் போட இருக்கிறேன். நிரல் வாங்கிக்கொள்ளும் நினைவகமான ஹீப்பை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒன்று நிரம்பியதும் உயிரோடு இருப்பவற்றை மட்டும் மற்றதுக்கு நகலெடுப்பது. நகலெடுக்கத் தனி ஸ்டாக்கே வேண்டாம், இரண்டு சுட்டிகள் போதும். எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதற்கும் வழி இருக்கிறது. ஸ்டாக்கை மேலிருந்து கீழே படித்து, கடைசி பிட் 0 ஆகவும் ஹீப்பின் எல்லைக்குள்ளும் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். திரும்பும் முகவரிகளும் பழைய ஆர்பிபியும் ஹீப்புக்கு வெளியே என்பதால் தானாகவே விலகிவிடும்.

இதைச் சொன்னதும் அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஜிசி டியூனிங்தான் அவருக்குப் பிழைப்பே. ஹீப் அளவைக் கட்டளை வரியிலேயே மாற்ற முடிய வேண்டும், ஜிசி ஒவ்வொரு முறை ஓடும்போதும் எவ்வளவு நேரம் நிரல் நின்றது என்று லாக் வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறார். லாக் அடிக்கும் பகுதியை அவரே எழுதித் தருகிறாராம், ஓகேமலில். ஹாஸ்கெல்காரனுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.