மாமியாருக்கு மீசை மொளச்ச கதை

போன மாசம் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷன், என்ன செகண்ட் கேமராவுக்கு விளிச்சிருந்தாவ. மண்டபத்துல அண்ணாந்து பாத்தா கழுத்து சுளுக்கிரும், ஏகதேசம் 30 அடி ஒசரத்துல நீல ஷீட்டு. நான் வழக்கம்போல ஃப்ளாஷ் தலைய மேல திருப்பி, வெளிச்சம் கூரையில பட்டு கீழ திரும்பி வர மாதிரி பவுன்ஸ் அடிச்சேன், வீட்டு விசேஷத்துல அப்டி அடிச்சு தான் பழக்கம். ஸ்க்ரீன்ல பாத்தா கருப்பட்டி கணக்கா இருட்டு, வந்த கொஞ்சூண்டு வெளிச்சத்துலயும் நீலம் கலந்து கெடக்கு.

செரின்னு ஃப்ளாஷ நேரா திருப்பி வெள்ள பிளாஸ்டிக் தொப்பி டிஃப்யூசர மாட்டி அடிச்சேன். வெளிச்சம் வந்துது, கூடவே நெழலும் வந்துது. ஸ்டேஜுக்கு பின்னால வெள்ள துணி கட்டியிருந்தாவ, கேமராவ நட்டமா பிடிச்சா ஃப்ளாஷ் சைடுக்கு போயிரும்லா, பொண்ணுக்க தலைக்கு பக்கத்துல கருப்பா இன்னொரு பொண்ணு எட்டிப் பாக்கா. ஜிமிக்கி நெழலு கழுத்துல மை தடவுன மாதிரி. படுக்க வச்சு அடிச்ச படத்துல மாப்ளைக்க அம்மைக்கு மூக்குக்கு கீழ நல்ல அரும்பு மீசை!

வீடியோ எடுத்துட்டு நின்ன அண்ணன் ஒருத்தரு எட்டிப் பாத்துட்டு, "லேய் மக்கா, அந்த தொப்பிய கழத்தி பைக்குள்ள போடு, இங்க அது வேலைக்காவாது"ன்னாரு.

அப்புறம் தான் வெளங்குச்சு. தொப்பி வெளிச்சத்த நாலா பக்கமும் செதறடிக்கும், அவ்வளவு தான். சின்ன ரூம்னா அது சொவத்துலயும் கூரையிலயும் பட்டு திரும்பி வரும், நெழல மெதுவாக்குறது அந்த சொவரு தானே தவிர தொப்பி இல்ல. இங்க திரும்பி வர சொவரே பக்கத்துல இல்ல, பாதி வெளிச்சமும் பேட்டரியும் வீணா போவுது. மூஞ்சிக்கு முன்னால வெளிச்சம் எவ்வளவு பெருசா தெரியுதோ அவ்வளவு நெழலோட ஓரம் கரையும், தொப்பி உள்ளங்கை சைசு தான் இருக்கு, எப்டி கரையும்? பவுன்ஸ் கதையும் இதே மாதிரி தான், ஃப்ளாஷும் மூஞ்சியும் தரையில இருந்து 5 அடின்னு வச்சுக்கிட்டா, 10 அடி கூரைன்னா ஏறி எறங்க 10 அடி, 30 அடி கூரைன்னா 50 அடி, தூரம் 5 மடங்குன்னா வெளிச்சம் 25ல ஒரு பங்கு. என் ஃப்ளாஷ் பாவம் என்ன செய்யும்.

அண்ணன் மொதல்ல செஞ்சது செலவே இல்லாத வேலை, பொண்ணையும் மாப்ளையையும் துணிய விட்டு 6 அடி முன்னால நிக்க வச்சாரு. பின்னால விழுந்த நெழலு பாதி அங்கயே ஒழிஞ்சுது. நான் படத்துல புள்ளி புள்ளியா கிரெயின் வரும்னு பயந்து ஐஎஸ்ஓவ, அதாவது கேமரா வெளிச்சத்த எவ்வளவு தூக்கி காட்டணும்ங்குற செட்டிங்க, 400ல வச்சிருந்தேன், அத 3200க்கு ஏத்தி ஷட்டர 1/60 செகண்டுக்கு எறக்கி கூட நேரம் தொறந்து வைக்க சொன்னாரு, மண்டபத்து லைட்டே நெழலுக்குள்ள போயி ரொப்பிட்டு, ஃப்ளாஷுக்கு வேலை கொறஞ்சுது. மண்டபத்து லைட்டு மஞ்ச, அதனால ஃப்ளாஷ் வாயில ஆரஞ்சு ஜெல், அதான் கலர் பிளாஸ்டிக் தாளு, ஒண்ணு ஒட்டுனோம், இல்லன்னா ஆளு வெளுத்து பின்னால மஞ்சளா நிக்கும்.

அப்புறம் அவருக்க ஸ்டாண்டுல வெள்ள அம்ப்ரெல்லா, அதுல என் ஃப்ளாஷு, வயர் இல்லாம தூரத்துல இருந்தே ஃப்ளாஷ அடிக்க வைக்க ட்ரிகர் போட்டு சைடுல 45 டிகிரி சரிவா, தலைக்கு மேல, 5 அடி தூரத்துல. மீசைய காணல. ஜிமிக்கி நெழலு இருந்துது, ஆனா லேசா, அழகாத்தான் இருந்துது. குடும்ப குரூப்புக்கு அதே அம்ப்ரெல்லாவ 20 அடி பின்னால கொண்டு போனேன், மறுபடியும் நெழலு கத்தி மாதிரி. தூரம் போனா அம்ப்ரெல்லாவும் தொப்பி தான்னு அப்ப தான் மண்டையில ஏறுச்சு.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், யாரோ ஒரு மாமா வேர்க்குன்னு பெடஸ்டல் ஃபேன ஸ்டேஜ் பக்கம் திருப்பிட்டாரு. அம்ப்ரெல்லா காத்து பிடிச்சு ஸ்டாண்டோட சாஞ்சுது, பந்திக்கு வெளம்ப போன பையன் ஓடி வந்து பிடிச்சதால ஃப்ளாஷ் தப்பிச்சுது. இப்பல்லாம் ரெண்டு தண்ணி பாட்டில பைல போட்டு ஸ்டாண்டு கால்ல தொங்க விட்ட பொறவு தான் கேமராவையே எடுக்கேன்.