ஆயன்குளத்துக் கிணறும் என் பட்டப்படிப்பும்

2022 ஜூன் 20-ஆம் தேதி பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. எனக்கு முன்பே பொறியியல் சேர்க்கைக்கான என் கட்-ஆஃப் மதிப்பெண்ணைக் கணக்குப் போட்டு முடித்தவர் மாமா. கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக மொத்தம் 200, அதில் எனக்கு 151.5. "கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்துவிடும், கல்லூரிதான் சுமாராக இருக்கும்" என்று போனிலேயே தீர்ப்பையும் சொல்லிவிட்டார். அம்மா அதை அன்று மாலைக்குள் தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் இருந்திருக்காது.

எங்கள் ஊர் திசையன்விளைக்குப் பக்கம். முருங்கை, பனை, சுக்கான் பாறை என்கிற சுண்ணாம்புக் கல், இவ்வளவுதான். 2021 கடைசியில் அடித்த மழை நினைவிருக்கும். அப்போது ஆயன்குளத்தில் ஒரு கிணற்றுக்குள் குளத்து உபரி நீரைத் திருப்பிவிட்டார்கள். வெள்ளம் நாள்கணக்கில் உள்ளே பாய்ந்தும் கிணறு நிரம்பவேயில்லை. சுற்று வட்டாரமே வேடிக்கை பார்க்கப் போனது. அப்பாவுடன் பைக்கில் நானும் போனேன். எல்லாரும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருக்க, இந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்ற கேள்வியோடு நான் வீடு திரும்பினேன். சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து ஆய்வாளர்கள் வந்து, அடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறையில் குகை போல வெற்றிடங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி, சுண்ணாம்புப் பாறையைக் காலங்காலமாக அரித்துவிடும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பாடப்புத்தகத்துக்கு வெளியே நானாகத் தேடிப் படித்த முதல் விஷயம் அது.

ரிசல்டுக்குப் பிறகு ஒரு காரியம் செய்தேன், அதை இன்றும் சரி என்றே நினைக்கிறேன். படிப்பின் பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைத் தேடி எடுத்தேன். பாறைகளையும் பூமியின் அமைப்பையும் பற்றிய பி.எஸ்ஸி. புவியமைப்பியல் (ஜியாலஜி) ஆறு செமஸ்டரும், பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் எட்டு செமஸ்டரும். பக்கத்துத் தெருவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படித்த அக்காவிடம் போய் "ஏன் இந்தப் படிப்பை எடுத்தீர்கள்?" என்று கேட்டேன். "கிடைத்தது, எடுத்தேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, நன்றாகத்தான் படித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் அந்தப் பதில் உறுத்தியது.

தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் புவியமைப்பியல் இருந்தது, அத்தை வீடும் அங்கேயே. பொறியியல் கலந்தாய்வு அந்த ஆண்டு தள்ளிக்கொண்டே போனதால், "சும்மா இருப்பதற்கு அதில் போய் இரு, கலந்தாய்வு வந்ததும் பார்க்கலாம்" என்று அப்பா இறங்கிவந்தார். அம்மாவின் கவலை வேறு. "ஏட்டி, பொம்பளைப் பிள்ளை சுத்தியலைத் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் அலைய வேண்டுமாமே?" அது உண்மைதான், மறுக்க முடியவில்லை.

சேர்ந்த பிறகுதான் சோதனை. கிணற்றையும் குகையையும் எதிர்பார்த்துப் போனவளுக்கு முதலில் கிடைத்தது படிகவியல். மரத்தில் செய்த படிக மாதிரிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சமச்சீர்த் தளங்களை எண்ண வேண்டும். படிகத்தின் ஒவ்வொரு முகத்தையும் எண்களால் குறிக்கும் மில்லர் குறியீடு எனக்கு ஏறவேயில்லை. இரண்டு மாதத்தில், மாமா சொன்னதே சரியோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. ஒரு கேள்வி பிடித்துப் போவதும், அந்தக் கேள்விக்காக நாள் முழுக்கச் செய்யவேண்டிய சலிப்பான வேலை பிடித்துப் போவதும் ஒன்றல்ல என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

கலந்தாய்வில் என் சுற்று வரும்போது அக்டோபர் ஆகிவிட்டது. ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒதுக்கீடு வந்தது. அதே வாரம் செய்முறை வகுப்பில் இரண்டு வெள்ளைக் கற்களைக் கொடுத்து எது என்ன என்று கேட்டார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல. கத்தியால் கீறினால் ஒன்றில் கோடு விழுந்தது, மற்றதில் விழவில்லை. கோடு விழுந்த கல்லில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டதும் சீறி நுரைத்தது. அது சுண்ணாம்புப் பாறையில் இருக்கும் கால்சைட், பத்து வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் 3. மற்றது குவார்ட்ஸ், 7. மணி அடித்தும் நான் எழுந்திருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனதும், கிணறு வெட்டியபோது வெளியே கொட்டிய சுக்கான் கல் ஒன்றை எடுத்துக் கழுவி, குளியலறை கழுவும் ஆசிட்டை ஒரு சொட்டு விட்டேன். அதுவும் நுரைத்தது. அப்பா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இன்னொரு சொட்டு விடு" என்றார். நான்கு கல் ஆயிற்று. எங்கள் தோட்டத்தில் அதுவரை போட்ட மூன்று போர்வெல்லில் இரண்டு தண்ணீர் வராமல் புகைதான் கக்கின, அதற்கு வாங்கிய கடன் அவருக்கு மறந்திருக்காது. ஒதுக்கீட்டை வேண்டாம் என்று விட்டுவிட்டோம். மாமா ஆறு மாதம் பேசவில்லை.

என்ன வேலைக்குப் போவது என்பதை இரண்டாம் ஆண்டில்தான் யோசித்தேன், அதுவும் தலைகீழாக. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தில் இருப்பவர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்று மேலிருந்து கீழே வந்தேன். யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி விஞ்ஞானி தேர்வு எழுத வேண்டும். அதற்கு முதுநிலைப் பட்டம் வேண்டும், 21 முதல் 32 வயது வரம்பு. அதாவது இளநிலைப் பட்டம் பாதி வழிதான். சேரும்போது இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்பாவிடம் ஐந்து வருடம் என்று முதலிலேயே சொல்லியிருப்பேன். இன்று என் பள்ளித் தோழிகள் சம்பளம் வாங்கும்போது நான் சென்னையில் எம்.எஸ்ஸி. படிக்கிறேன். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர்வதற்கான ஜாம் தேர்வை 2025 பிப்ரவரியில் எழுதினேன், மதிப்பெண் போதவில்லை. அம்மாவுக்கு இந்தக் கணக்கு ஒத்துவரவில்லை, அதையும் நான் தவறென்று சொல்லமாட்டேன்.

போன விடுமுறையில் அப்பா நான்காவது போருக்கு இடம் பார்த்தார். வழக்கம்போல உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரையும் வரவழைத்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். சுற்றியுள்ள பதினான்கு கிணற்றில் கயிறு விட்டு நீர்மட்டம் அளந்து, நோட்டில் வரைந்து ஓர் இடம் சொன்னேன். தேங்காய்க்காரருக்குத் தேங்காய் எழுந்து நின்ற இடம் அதிலிருந்து இருபது தப்படி. இரண்டு இடத்திலும் அப்பா கல் நட்டு வைத்திருக்கிறார். போர் வண்டிக்கு முன்பணம் சேர்ந்ததும் எந்தக் கல் என்று சொல்வாராம்.