படகின் அடியில் ஐந்து துளைகள்

ஏப்ரல் 6
என்ஜினைக் குளிர்விக்கும் நீர் உள்ளே வரும் த்ரூ-ஹல்லில், அதாவது படகின் அடியில் துளையிட்டுப் பொருத்தும் குழாயில், பெயின்ட்டைச் சுரண்டினேன். உள்ளே உலோகம் இளஞ்சிவப்பாக இருந்தது. வெண்கலம் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன், இது பித்தளை. உப்புநீரில் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து போய்விடும், மிஞ்சுவது வலுவில்லாத செம்புச் சல்லடை. ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினேன், விளிம்பு பொடிந்து விழுந்தது. இதற்கு மேலேதான் தினமும் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 7
மற்ற நான்கும் அப்படித்தான். ஐந்தையும் மாற்ற வேண்டும். 38 மில்லிமீட்டர் துளை, நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே இருந்தால், நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் உள்ளே வரும். கணக்குப் போட்ட பிறகு தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 9
துரு பிடிக்காதே என்று முதலில் ஸ்டெயின்லெஸ் பக்கம் மனம் போனது. ஆனால் அதைக் காக்கும் மெல்லிய படலத்துக்கு ஆக்சிஜன் வேண்டும். நீர் புகாமல் இடைவெளியை அடைக்கும் சீலன்டுக்கு அடியில் தேங்கும் நீரில் அது கிடைக்காது. வெளியே பளபளப்பாக இருக்கும்போதே 316 ரக ஸ்டெயின்லெஸ்கூட உள்ளே குழி விழும். கண்ணாடி இழை கலந்த நைலானான மாரெலான் அரிக்கவே அரிக்காது. வால்வை மட்டும் அடிக்கடி திறந்து மூடிக்கொண்டிருக்க வேண்டும். நான் வெண்கலத்தையே எடுத்தேன்.

இன்னொன்று: த்ரூ-ஹல்லில் இருப்பது நேர் மரை, சாதாரண பால் வால்வில் கூம்பு மரை. இரண்டையும் சேர்த்தால் சில சுற்றிலேயே இறுகிவிடும், பிடிப்பு அந்தச் சில சுற்றுக்குத்தான். அதனால் நேர் மரையுள்ள, அடித்தட்டோடு போல்ட் போடும் சீகாக் (த்ரூ-ஹல்லைத் திறந்து மூடும் வால்வு) வாங்கினேன்.

ஏப்ரல் 12
சீலன்ட். சிலிக்கோன் இந்த வேலைக்கு ஆகாது. அதன் மிச்சம் ஒட்டியிருக்கும் இடத்தில் அப்புறம் எதுவும் பிடிக்காது. த்ரீஎம் 5200 மாதிரி பாலியூரித்தேன் பசை போலப் பிடிக்கும். கழற்றும்போது ஃபைபர்கிளாஸும் பெயர்ந்து வரலாம். பத்து வருடம் கழித்து இதைக் கழற்றப் போகிறவரை நினைத்துப் பார்த்தேன். பாலிசல்ஃபைட் எடுத்தேன். ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்கை அது கெடுக்கும், வெண்கலத்தை ஒன்றும் செய்யாது.

ஏப்ரல் 13
துளைகளைச் சுற்றி உள்பக்கம் தாங்கலாக இருந்த, ஊறிப்போன பழைய ப்ளைவுட்டை எடுத்துவிட்டு ஃபைபர்கிளாஸ் தகடு வைத்து ஒட்டியாயிற்று.

ஏப்ரல் 15
அசிட்டோனால் துடைத்து, சீலன்டை விளிம்பிலும் மரையிலும் தாராளமாகப் பூசினேன். வெளியே நண்பர் பிடித்துக்கொள்ள, உள்ளே நான் இறுக்கினேன். சுற்றிலும் ஒரே சீராகப் பிதுங்கியதும் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் இறுக்கினால் மொத்தமும் வெளியே வந்துவிடும்.

ஏப்ரல் 23
உடைந்தால் துளையை அடைக்க ஒவ்வொரு சீகாக்கிலும் ஒரு மரக்கூம்பைக் கட்டித் தொங்கவிட்டேன். படகு தண்ணீரில் இறங்கியது. ஐந்தைச் சுற்றியும் டிஷ்யூ வைத்து ஒரு மணி நேரம் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தேன். ஐந்தும் உலர்ந்தே இருந்தன.