குதிரைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது

என் அப்பா சைஸ். இதை இன்று யாரிடமாவது சொன்னால் சட்டை அளவு சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். லாயத்தில் குதிரையைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, சாணி அள்ளி, ராத்திரி அதற்கு வயிறு வலித்தால் கூடவே விழித்திருக்கிற ஆளுக்கு இந்த ஊரில் அதுதான் பெயர், சீனர்கள் மாஃபூ என்பார்கள். பினாங்கில் பத்து காந்தோங் என்ற இடத்தில் இருந்த குதிரைப் பந்தயத் திடலில் ஒரு பயிற்சியாளரின் லாயத்தில் 1971இல் சேர்ந்தார். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் தாத்தாவின் லயத்து வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு, போய், குடும்பமே பட்டணத்துக்கு வந்து சேர்ந்த கதை பெரிய கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். லயத்துக்கும் லாயத்துக்கும் ஒரு கால்தான் வித்தியாசம் என்பார் அப்பா. ஆறாம் வகுப்போடு நின்றவர், ஆனால் தமிழில் இப்படிக் குறும்பாக ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்.

2025 மே 31ஆம் தேதி அந்தத் திடலில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. 1864இல் தொடங்கிய கிளப். அந்த வாரம் முழுக்க என் முகநூலில் பழைய படங்கள்தான், தொப்பி போட்ட சீமாட்டிகள், ஜாக்கிகள், கூட்டம், நான் ஒரு தடவை ஜெயித்தேன், என் தாத்தா தோற்றார் என்று ஆளாளுக்கு ஒரு நினைவு. குதிரைகள் எங்கே போகும் என்று கவலைப்பட்டவர்களும் நிறைய, அது நல்ல கவலைதான். சைஸ்கள் எங்கே போவார்கள் என்று ஒருவரும் கேட்டதாக என் கண்ணில் படவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன், எழுத எழுதக் கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது, அப்புறம் டிரசர் அங்கிள் ஞாபகம் வந்துவிட்டார்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் அவர் செய்தது என்னவென்று புரியாது. அப்பா நாலு மணிக்கு எழுந்து போவார். வெயில் ஏறுவதற்குள் குதிரைகள் ஓடி முடிக்கவேண்டும். அப்பாவிடம் மூன்று குதிரை. ஓடி வந்ததும் குளிப்பாட்டி, நடக்கவிட்டு ஆறவைத்து, நாலு காலையும் ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பார்ப்பார், எங்கே சூடு இருக்கிறது, எங்கே நேற்றைவிட லேசாக உப்பியிருக்கிறது என்று. பத்தரை மணிக்குத்தான் பசியாறுவார்கள். மத்தியானம் ஒரு தூக்கம், மூன்று மணிக்கு மறுபடி லாயம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் வயிற்றுவலி வந்தால் அது உயிர் போகிற விஷயம், ராத்திரியெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வருகிற குதிரைகளில் சிலது நம் ஊர் வெயிலில் கொஞ்ச நாளில் வியர்ப்பதையே நிறுத்திவிடும். தோல் காய்ந்துபோய் மூச்சு மட்டும் இரைக்கும். அப்படி ஒரு குதிரை இருந்தால் காற்றாடியைப் போட்டு, தண்ணீரை ஊற்றிக்கொண்டு அதன் பக்கத்திலேயே கிடக்கவேண்டியதுதான்.

இதில் ஞாயிற்றுக்கிழமை எங்கே வரும்? தீபாவளி எங்கே வரும்? பந்தயமே வார இறுதியில்தான். என் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கு அப்பா ஒரு தடவைகூட வந்ததில்லை. கல்யாணங்களில் தாலி கட்டுகிற நேரத்துக்கு வந்து அட்சதை போட்டுவிட்டு பந்தி போடுவதற்குள் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறியது அவருக்குக் கால் நன்றாக இருந்த வருடங்களிலேயே இரண்டோ மூன்றோ முறைதான். லாயத்துக்குப் பின்னால் ஒரு மரத்தடியில் சைஸ்களே மதுரைவீரனுக்கு ஒரு கல் நட்டு, பக்கத்தில் யாரோ வாங்கிவந்த மண்குதிரை ஒன்றை வைத்திருந்தார்கள். கோயில் நேரத்துக்கு அவர்களால் போக முடியாது, அதனால் சாமி அங்கே வந்துவிட்டது.

டிரசர் அங்கிளும் அப்படி வந்தவர்தான். ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கிற டிரசராக இருந்து ஓய்வு பெற்றவர், கிறிஸ்தவர், ஜெலுத்தோங் பக்கம் வீடு. செவ்வாயும் வெள்ளியும் சரியாகப் பத்தரைக்கு வருவார். அந்தப் பத்தரைதான் முக்கியம். காலை எட்டு மணிக்கு ஒருவர் வந்து உங்கள் கஷ்டம் என்ன என்று கேட்டால் எந்த சைஸும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான், கையில் குதிரை இருக்கும். சாயங்காலம் வந்தால் பாதிப் பேர் சம்சு என்கிற மலிவுச் சாராயக் கடையில் இருப்பார்கள். பத்தரைக்கு நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து உட்காருகிற நேரத்தில், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவரும் உட்காருவார். முதலில் கைப் புண்ணைப் பார்ப்பார், ஆணி குத்தியவனிடம் ஊசி போட்டாயா என்று கேட்பார், லாயத்தில் ரணஜன்னி (டெட்டனஸ்) பயம் எப்போதும் உண்டு. புண்ணைப் பார்க்கிற சாக்கில் மற்றதெல்லாம் தானாக வெளியே வரும். ஆலோங் என்கிற வட்டிக்காரனிடம் வாங்கிய கடன், பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனது, மகன் பள்ளிக்கூடம் போகாமல் சுற்றுவது. குதிரையோடு இருப்பவனுக்குக் குதிரை மேல் பணம் கட்டுகிற ஆசை வராமல் இருக்குமா? சம்பளத்தில் பாதியை அப்படித் தொலைத்தவர்கள் எங்கள் வரிசை வீடுகளிலேயே இருந்தார்கள். அங்கிள் அதற்குப் பிரசங்கம் வைத்து நான் கேட்டதில்லை. சம்பள நாளன்று வந்து, வீட்டுக்கார அம்மாவிடம் எவ்வளவு கொடுத்தாய் என்று மட்டும் கேட்பார், அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குப் பயந்தே சிலர் அன்றைக்குக் கண்ணில் படமாட்டார்கள்.

1991இல் அப்பாவுக்கு அடிபட்டது. எனக்குப் பதினொரு வயது. பெண்குதிரை ஒன்றின் பின்னங்காலுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தார், எங்கேயோ ஒரு தகரம் விழுந்து சத்தம் போட்டது, அது உதைத்துவிட்டது. குதிரைக்கு நேர் பின்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் பக்கவாட்டில் நின்று, கையை உடம்பில் வைத்துக்கொண்டே பின்னால் போகவேண்டும் என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். தொடை எலும்பு உடைந்தது. முதலாளி ஓடி வந்து முதலில் கேட்டது, குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று. இதை அப்பா சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நான் இன்னும் சிரிக்கப் பழகவில்லை.

முதலாளி மாசக்கணக்கில் சொக்சோ, அதாவது தொழிலாளர் காப்புறுதிப் பணம், கட்டவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி தகவல் கொடுக்கவேண்டும், அதுவும் கொடுக்கவில்லை. அம்மாவுக்கு இதெல்லாம் என்ன தெரியும்? டிரசர் அங்கிள் ஒரு பழுப்புக் கோப்பை வைத்துக்கொண்டு நாலு தடவை அலுவலகத்துக்கு நடந்தார். கட்டாதது முதலாளி செய்த தப்பு, அதற்குத் தொழிலாளியை எப்படிப் பட்டினி போடலாம் என்று ஒவ்வொரு மேசையிலும் அதே வரியைச் சொன்னாராம். வேலைக்குப் போக முடியாத நாளுக்குத் தினக்கூலியில் 80 சதவீதம் என்பது சட்டத்தில் இருக்கிறது, அது கடைசியில் வந்தது. நடுவில் ஒரு நாள் பெரியாஸ்பத்திரியில் அப்பாவின் கட்டில் பக்கத்தில் நின்று, அம்மாவைப் பார்த்து, நான் ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டார். பண்ணுங்க என்றார் அம்மா. அவர் முடிக்கிறவரை தலை குனிந்து நின்றுவிட்டு, அப்புறம் முந்தானையில் முடிந்து வைத்திருந்த திருநீற்றை எடுத்து அப்பாவுக்குப் பூசினார், அங்கிள் தள்ளி நின்று இடம் விட்டார். அந்தக் காலும் போச்சு, இனிமே லாயம் வெறும் லயம்தான் என்றார் அப்பா. அங்கிளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது, அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார்.

இதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டென்று எனக்குத் தெரிந்தது பல வருடம் கழித்து. ஆஸ்பத்திரியிலும் சிறையிலும் இராணுவத்திலும் சாப்ளின் என்று ஒருவர் இருப்பார், கோயிலோடு இல்லாமல் ஆட்கள் இருக்கிற இடத்தோடு இருக்கிற போதகர். அமெரிக்காவில் அது குதிரை லாயங்களுக்கும் உண்டு. ரேஸ் டிராக் சாப்ளின்சி ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பு 1972இல் தொடங்கியது. குதிரைகளைக் காலையில் ஓட்டிப் பழக்குகிற ஒரு தொழிலாளிதான் அதற்கு மூல காரணம். அங்கே லாயங்களில் வேலை பார்ப்பவர்களில் மெக்சிகோ, குவாத்தமாலா ஆட்கள் நிறைய. சாப்ளின் லாயம் லாயமாக நடப்பார், துணிமணி கொடுப்பார், ஆங்கில வகுப்பு வைப்பார், பந்து விளையாட ஏற்பாடு செய்வார், ஆராதனையையும் திடலுக்குள்ளேயே நடத்துவார். நியூயார்க் பெல்மாண்ட் பார்க்கில் தொழிலாளர் பிள்ளைகளுக்கு 2003இல் ஒரு காப்பகம் திறந்தார்கள், காலை ஐந்து மணிக்கே கதவு திறந்துவிடும். இதைப் படித்தபோதுதான் எனக்கு ஐயோ என்று இருந்தது. ஐந்து மணி! என் தம்பியை அம்மா ஐந்து வயதுவரை இடுப்பில் தூக்கிக்கொண்டே நாசி லெமாக் விற்றார். இங்கிலாந்தில் ஜாக்கிகளுக்காக 1964இல் ஒரு நிதி வைத்தார்கள், இரண்டு பேர் பந்தயத்தில் விழுந்து முடமான பிறகு. லாயத்து ஆட்களுக்கு ரேசிங் வெல்ஃபேர் என்று தனியாக ஓர் அமைப்பு, இருபத்து நாலு மணி நேரமும் போன் எடுப்பார்கள், ஓய்வு பெற்றவர்களுக்கு வீடும் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

உதவியோடு மதம் கலந்து வருவதில் எனக்கும் சந்தேகம் உண்டு, அதை மறைக்கவில்லை. பசித்தவனுக்கு ரொட்டியைக் காட்டிப் பேர் மாற்றுகிற வேலையும் நம் ஊரில் நடந்திருக்கிறது. ஆனால் டிரசர் அங்கிளை நினைத்தால் அந்தச் சந்தேகத்தை அவர் மேல் போட முடியவில்லை. குறை சொல்வதென்றால் நம்மைத்தான் முதலில் சொல்வேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட நம்மிடம் எத்தனை சங்கம், எத்தனை அண்டா சோறு. அதில் பத்துப் பொட்டலத்தை வேனில் ஏற்றி அன்றைக்கும் வேலையில் இருக்கிறவர்களிடம் கொண்டுபோகலாம் என்று ஒருவருக்காவது தோன்றியிருக்கிறதா? லாயம் மட்டும் இல்லை, ஆஸ்பத்திரிக் காவலாளி, விமான நிலையத்தில் சாமான் ஏற்றுகிறவர், எல்லாரும்தான்.

சிங்கப்பூரில் பந்தயத் திடலை மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு 2023 ஜூனில் வந்தது, கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5. பதினாறு மாதம். ஒரு சைஸுக்கு அது போதுமா போதாதா என்று சொல்லத் தெரியவில்லை, பெரிய பிள்ளைக்குப் பரீட்சை எந்த வருடம் என்பதைப் பொறுத்தது. நம் ஊரில் இப்போது வேலையிழப்புக் காப்பீடு இருக்கிறது, 2018இலிருந்து, ஆனால் வேலை போன 60 நாளுக்குள் மனுப் போடவேண்டும். இது தெரியாமலே அறுபத்தோராவது நாள் வந்து நிற்பவர்கள் இருப்பார்கள். வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கும் வேலை விபத்துக்கு 2019 ஜனவரியிலிருந்து சொக்சோ உண்டு, அதையும் அவர்களிடம் யாராவது அவர்கள் மொழியில் சொன்னால்தான் உண்டு.

அதனால் ஜூன் மாதத்திலிருந்து சனிக்கிழமை காலையில், சரியாகப் பத்தரைக்கு, ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் மடிக்கணினியோடு உட்காருகிறேன். அப்பா வந்து பக்கத்தில் உட்கார்ந்து தே தாரிக் குடிப்பார், வருகிறவர்களை எல்லாம் அவருக்குத் தெரியும், சிலரை டேய் என்றுதான் கூப்பிடுவார். போன வாரம் ஓர் அண்ணன் வந்தார், ஐம்பத்து நாலு வயது, அப்பாவிடம் வேலை பழகியவர். வேலைக்கு விண்ணப்பம் தயார் செய்துகொண்டிருந்தோம். திறமை என்ற இடத்தில் என்ன போடலாம் அண்ணே என்று கேட்டேன். அவர் யோசித்தார். அப்பா குறுக்கே வந்து, காலைத் தொட்டே நாளைக்கு எது வீங்கும்னு சொல்லிடுவான், எழுது என்றார். நானும் தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். அண்ணன் கையை ஆட்டினார்.

"அதெல்லாம் வேண்டாம் தங்கச்சி. லோரி லைசன்ஸ் இருக்குன்னு எழுது."