ரீஸ்டார்ட் செய்து ஓட்டிய இரண்டு மாதம்

எங்கள் சர்வர் புரோகிராம் நாலைந்து நாளுக்கு ஒருமுறை அப்படியே உறைந்துபோகும். கிராஷ் ஆகாது, லாக் ஃபைலில் ஒரு வரி இருக்காது, சிபியு பூஜ்யத்தில் கிடக்கும். ரீஸ்டார்ட் செய்தால் ஓடுகிறதே என்று இரண்டு மாதம் அப்படியே ஓட்டினோம், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு நாள் ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் ஜிடிபி (GDB) என்ற பிழைதேடும் கருவியை அந்த புராசஸில் இணைத்து, எல்லாத் திரெட்டின் (ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) பேக்டிரேஸையும், அதாவது ஒவ்வொன்றும் எந்த ஃபங்ஷன் வழியாக எங்கே நிற்கிறது என்ற பட்டியலையும் எடுத்தேன். பெரும்பாலானவை வேலை வராமல் சும்மா காத்திருப்பவை. இரண்டு மட்டும் மியூட்டெக்ஸை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டை, பூட்டப்போய் நின்றன. லினக்ஸில் ஜிலிப்சி (glibc) என்ற அடிப்படை சி லைப்ரரியின் மியூட்டெக்ஸை பிரின்ட் செய்து பார்த்தால் உள்ளே ஓனர் என்று ஓர் எண் இருக்கும், பூட்டைக் கையில் வைத்திருக்கும் திரெட்டின் எண் அது. ஜிடிபி ஒவ்வொரு திரெட்டுக்கும் காட்டும் எல்டபிள்யூபி (LWP) எண்ணோடு ஒப்பிட்டேன். முதலாவது கேட்கும் பூட்டு இரண்டாவதிடம், இரண்டாவது கேட்பது முதலாவதிடம். ஒன்றுக்காக ஒன்று காத்து நிற்கும் இதைத்தான் டெட்லாக் என்பார்கள். அவ்வளவுதான் விஷயம், பத்து நிமிட வேலை.

சரி, இதைத் திருத்தியாயிற்று, இன்னும் எத்தனை ஒளிந்திருக்கிறதோ? திரெட்டுகளுக்கு இடையிலான பிழைகளைத் தேடும் திரெட்சானிடைசரோடு கம்பைல் செய்து டெஸ்ட்டுகளை ஓட்டினேன். இதற்குப் புரோகிராம் தொங்க வேண்டியதே இல்லை. எந்தப் பூட்டைப் பிடித்தபடி எந்தப் பூட்டை எடுத்தோம் என்று குறித்துக்கொண்டே வந்து, அதில் ஒரு வளையம் உருவானால் ‘லாக் ஆர்டர் இன்வர்ஷன்’ என்று கத்தும். மூன்று இடம் சிக்கியது. ஒன்று, பூட்டைப் பிடித்துக்கொண்டே கால்பேக்கை (வேறொருவர் கொடுத்துவைத்த ஃபங்ஷனை) கூப்பிடும் புரோகிராம் பகுதி, நானே எழுதியது! திரெட்சானிடைசரோடு புரோகிராம் 5 முதல் 15 மடங்கு மெதுவாகும், பரவாயில்லை. இதே வேலையைச் செய்யும் இன்னொரு கருவியான ஹெல்கிரைண்டுக்கு மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம், ஆனால் அது நகர்வதைப் பார்க்கப் பொறுமை வேண்டும்.

திரெட்சானிடைசரும் ஒன்றைத் தவறவிட்டது. ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனி மியூட்டெக்ஸ், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டேட்டாவை நகர்த்தும் ஃபங்ஷன் முதலில் கொடுப்பதைப் பூட்டும், அப்புறம் வாங்குவதை. எங்கள் டெஸ்ட் எப்போதும் ஒரே திசையில்தான் நகர்த்தியது, அதனால் வளையமே உருவாகவில்லை. லினக்ஸ் கெர்னலுக்குள் பூட்டு வரிசையைச் சரிபார்க்கும் லாக்டெப், புரோகிராமில் ஒரே இடத்தில் தொடங்கப்பட்ட பூட்டுகளை ஒரே வகுப்பாகப் பார்க்கும், அது இருந்திருந்தால் ஒரே திசையிலேயே சொல்லியிருக்கும். திரெட்சானிடைசர் ஒவ்வொரு மியூட்டெக்ஸையும் தனித்தனியாகப் பார்க்கிறது. அதே ஜோடியை எதிர்த்திசையிலும் நகர்த்தும் டெஸ்ட்டைச் சேர்த்த பிறகுதான் வாயைத் திறந்தது. பல பூட்டுகளை டெட்லாக் இல்லாமல் சேர்த்துப் பிடிக்கும் சி++17-இன் ஸ்கோப்டு லாக்கில் இரண்டையும் ஒன்றாகக் கொடுத்து முடித்தேன்.

மூன்று வாரம் நிம்மதி. பிறகு மறுபடி உறைந்தது. ஜிடிபியில் பார்த்தால் ஓனர் எண் 0, யார் கையிலும் பூட்டு இல்லை, எல்லாத் திரெட்டும் கண்டிஷன் வேரியபிளில், அதாவது இன்னொரு திரெட் சிக்னல் கொடுத்து எழுப்பும்வரை காத்திருக்கும் இடத்தில், தூங்குகின்றன. வெயிட்டுக்குப் போவதற்கு முன்பே சிக்னல் வந்து போய்விட்டிருக்கிறது. அதைக் குறித்துவைக்க ஒரு ஃபிளாக்கூட நாங்கள் வைத்திருக்கவில்லை. டெட்லாக் தேடும் கருவி எதுவும் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஒரு ஃபிளாக்கைச் சேர்த்து, மியூட்டெக்ஸைப் பிடித்தபடியே அதை மாற்றி, வெயிட்டை அந்த ஃபிளாக்கைப் பார்க்கும் ஒரு வைல் லூப்பில் போட்டேன். மொத்தம் நாலு வரி.